ஒற்றைப்படை வலப்பக்கம்

அத்தானின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்று நழுவி நழுவி விழுந்துகொண்டிருந்த முற்பகல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டரை அங்குல நூல். எடுப்பார், விழும். மறுபடி எடுப்பார். எத்தனையாவது தடவையோ அது கொக்கியில் மாட்டியபோது நான் கைதட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த துண்டைத் தேடினார்.

அத்தான் என் அக்காவின் கணவர். துறைமுகத்தில் கன்டெய்னர் கப்பல்களுக்குப் பிளானர். எந்தப் பெட்டி கப்பலில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக முடிவு செய்கிற வேலை. கனமான பெட்டி மேலே போய்விட்டால் கப்பல் ஆட்டம் காணும். முதலில் இறங்க வேண்டியது அடியில் மாட்டிக்கொண்டால் அடுத்த துறைமுகத்தில் திட்டு விழும். பல வருஷங்கள் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு நாள் காலையில் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நடந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது. கைதான் திரும்ப மறுத்தது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் கண் விழித்து நினைவு தெளிந்ததும் அவர் கேட்டது, பிளானிங் சீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி அக்கா, விரல்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுக்கச் சொன்னார். பயறு பொறுக்கச் சொன்னால் அத்தான் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். நான் அப்போது முத்தையாபுரத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். இன்ஜினியரிங் முடித்து, வீட்டிலிருந்தே ஏதேதோ கம்பெனிகளுக்கு வேலை செய்துகொண்டு, மாதத்துக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். அந்த மாதப் பைத்தியம் கொக்கியால் நூல் கோத்துத் தரையில் விரிக்கும் மேட் செய்வது. கட்டம் போட்ட முரட்டுத் துணி. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நூல் துண்டை மடித்து, நுனியில் சின்ன நாக்கு வைத்த கொக்கியால் இழுத்தால் முடிச்சு விழும். ஒரு ஓட்டைக்கு ஒரு புள்ளி. பழைய டிவி கேமின் படமும் புள்ளி புள்ளியாகத்தானே இருக்கும் என்று எனக்குப் பட்டதும் தூக்கம் போய்விட்டது.

டிவி கேமை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே அத்தான்தான். நான் ஏழாம் வகுப்பு படிக்கையில், கல்யாணம் முடிந்து சாத்தான்குளத்துக்கு முதல் மறுவீடு வந்தபோது, கையில் பழத்தட்டோடு ஒரு கேசட் பெட்டியும் இருந்தது. புது மாப்பிள்ளை தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வரிசை வரிசையாக இறங்கி வரும் பூச்சிகளை என்னோடு சேர்ந்து மத்தியானம் முழுக்கச் சுட்டார். அந்தப் பூச்சிகளையே மேட்டில் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். நாற்பது ஓட்டை அகலம், நாற்பது உயரம். என் ஆர்வத்தைப் பார்த்து அத்தான் சோர்வாகச் சொன்னார்: "நீ விடமாட்ட. கொண்டா பாப்போம்."

சுற்றிலும் கறுப்புக் கரையை இருவரும் சேர்ந்து போட்டோம். அதற்கே மூன்று வாரம் ஆனது. ஒரு நாளைக்கு முப்பது முடிச்சு, சில நாள் பத்து. கச்சான் காற்று அடித்த மாதம் அது. உப்பளத்துப் பக்கமிருந்து வரும் தூசு நூலில் படிந்து விரல் பிசுபிசுத்தது. கரை முடிந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. பெங்களூரில் ஒரு இன்டர்வியூ வேறு வந்தது. படத்தை அச்செடுத்து வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அத்தான் வேண்டாம் என்றார்.

"படத்தப் பாத்தா கண்ணு கூசுது மாப்ள. நம்பரா எழுதிக் குடு. நம்பர்னா எனக்குப் பழக்கம்."

அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தேன். முதல் வரிசை, ஐந்திலிருந்து பத்துவரை சிவப்பு. இரண்டாம் வரிசை, நான்கிலிருந்து பதினொன்றுவரை. இப்படி ஆறு பக்கம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இன்டர்வியூவுக்குப் பிறகும் நண்பர்களோடு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்து, ஒரு மாதம் கழித்துத்தான் வந்தேன்.

வந்தபோது மேட்டில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. கை தேறியிருந்தது, முடிச்சுகள் இறுக்கமாக, ஒரே உயரத்தில் நின்றன. ஆனால் பூச்சிகள் இல்லை. நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையும் சிதறிக் கிடந்தன. அதுவும் முதல் வரிசை இருக்க வேண்டிய மேல்பகுதி காலியாகவும், அடிப்பகுதி நிரம்பியும். அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா வந்திருக்கு அத்தான் என்றேன். அன்றுதான் வியாதிக்குப் பிறகு முதல்முறையாக அவர் முழுதாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

அக்காவை அடுக்களைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னேன். கை சரியாகிவிட்டது, மண்டைக்குள்தான் ஏதோ சரியில்லை. எண்ணைப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாதவர் எப்படிக் கப்பலுக்குக் கணக்கு போடுவார் என்று. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். ஆபீஸிலிருந்து அந்த வாரமே இரண்டு தடவை போன் வந்திருந்ததாம். எப்போது வருவார், பழைய வேலையையே செய்வாரா, ஒரு முடிவு சொல்லுங்கள் என்று. அத்தான் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லச் சொல்லியிருந்தார்.

"அவுகட்ட கேக்க வேண்டாமாலே?" என்றாள்.

"கேட்டா முடியும்னுதான் சொல்லுவாக. பெட்டி மாறிக் கப்பலுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பாக்க?"

மெயிலை நான்தான் அடித்தேன். திட்டமிடும் பணியை அவரால் இனித் தொடர இயலாது என்று குடும்பத்தினர் கருதுகிறோம், இலகுவான வேறு பணி தந்தால் நலம். அக்கா இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அனுப்பு என்று தலையை மட்டும் ஆட்டினாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்டதாக நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், அத்தான் தூங்குகிறார் என்று எண்ணி, அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாமல் சரியாகப் போட்டு வைத்துவிடலாம் என்று. நிமிர்ந்தால் கதவருகே நிற்கிறார்.

"என்னல செய்த?"

தப்பா இருக்கு அத்தான் என்று வாயில் வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. என் தாளை எடுத்துவரச் சொன்னார். வலது கை விரலைத் துணியின் நடுக்கோட்டில் வைத்தார். அங்கிருந்து வலப்பக்கமாக நகர்த்தி, "ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு" என்றார். திரும்ப நடுவுக்கு வந்து இடப்பக்கமாக, "ரெண்டு, நாலு, ஆறு. கப்பல்ல அப்படித்தான. ஒற்றைப்படை வலது, இரட்டைப்படை இடது. அடியில இருந்துதான அடுக்கணும், அந்தரத்துலயா தொங்கும்?"

படம் சிதறியிருப்பது தெரியவில்லையா என்று கேட்டேன். நீ புதுசா ஏதோ வரைஞ்சிருக்கன்னு நெனச்சேன் என்றார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் என்றைக்கும் பார்த்ததில்லை. எண் சொல்லும் இடத்தில் வைப்பார், அவ்வளவுதான்.

தாளை வைத்து நான் பிடுங்காத முடிச்சுகளை எல்லாம் அவர் கணக்குப்படி சரிபார்த்தேன். என் ஒவ்வொரு பூச்சியும் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமுமாகப் பிரிந்து தலைகீழாக நின்றது. அறுநூறுக்கு மேல் முடிச்சு. ஒன்றுகூடத் தப்பில்லை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று தாளில் எங்கேயும் நான் எழுதியிருக்கவில்லை. விடிய விடிய கட்டங்களோடு கிடந்த மனிதரிடம் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு ஊர் சுற்றப் போனவன் நான்.

மெயில் விஷயத்தை அக்கா அழுதுகொண்டே அவரிடம் சொன்னாள். மறுநாள் மூவரும் ஆபீஸுக்குப் போனோம். மேனேஜர் எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த சீட்டில் ஆளைப் போட்டாயிற்று, மேலிடத்துக்கும் எழுதியாயிற்று. வீட்டிலிருந்தே முடியாது என்று எழுதி வந்த பிறகு நாளைக்கு ஏதாவது என்றால் யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டது, நான் அடுக்களையில் கேட்ட அதே கேள்வி. டாக்குமென்ட் பிரிவில் பகல் வேலை தருகிறோம் என்றார். அத்தான் சரி என்றார்.

ஆட்டோவில் திரும்புகையில் பழைய பாலம் தாண்டியதும் அத்தான் வெளியே பார்த்தபடி சொன்னார்:

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மாப்ள."

அதோடு சரி. அதற்குப் பிறகு இந்த மூன்று வருஷத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மேட்டை அவர் கணக்கிலேயே முடித்தார். நான் பிடுங்கிய இடங்களையும் நிரப்பினார். இப்போது அது டிவிக்கு முன்னால் கிடக்கிறது. வருகிறவர்கள் ஏதோ பூ டிசைன் என்று நினைத்து மிதித்துப் போகிறார்கள். அத்தான் காலையில் போய் பில்களில் சீல் குத்திவிட்டு மாலையில் வருகிறார். கை நன்றாகவே இருக்கிறது.

நான்தான் மாறிப்போனேன். எதற்கெடுத்தாலும் அவரிடம் கேட்கிறேன். பெங்களூர் வேலைக்குப் போகவா, பைக் சர்வீஸுக்கு விடவா. நேற்று மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, மீன் சாளை வாங்கவா, ஊளி வாங்கவா என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"எதையாவது வாங்கிட்டு வா மாப்ள," என்றார். "எல்லாத்துக்கும் எங்கிட்ட கேட்டுட்டே இருக்காத. அலுப்பா வருது."