வலது கால் கியர்

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. அவள் தம்பி, என் மச்சினன். மெக்கானிக் பாய். நடுவில் வண்டி. பேச்சு வண்டியைப் பற்றித்தான், அதனால் அதையும் சேர்க்கிறேன்.

அரியலூரில் எங்கள் வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை. பாய் ஒரு சாக்கை விரித்து, எஞ்சினைப் பிரித்து அதன் மேல் வைத்திருந்தார். அவருக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. ரொம்ப நாள் சவுதியில் இருந்துவிட்டு வந்து பெரம்பலூரில் பட்டறை போட்டவர். பிஸ்டனைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"தலையில என்ன நம்பர் போட்டிருக்கு, பாருங்கண்ணே."

நான் அஞ்சாவதோடு நின்றவன். நம்பர் படிப்பேன். அறுபது என்று இருந்தது.

"அவ்வளவுதான். இருபது போட்டாச்சு, நாப்பது போட்டாச்சு, இப்ப அறுபதும் தேஞ்சுபோச்சு. இதுக்கு மேல குடைஞ்சா சுவரு நிக்காது. இதுக்கு மேல பிஸ்டனும் வராது."

பிஸ்டன் ஓடுகிற குழாய் தேய்ந்தால் அதைக் குடைந்து கொஞ்சம் பெரிசாக்குவார்கள். அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன் போடுவார்கள். மூன்று தடவைதான் முடியும். மூன்றும் முடிந்துவிட்டது.

மச்சினன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். வாய் ஜாஸ்தி.

"மாமா, பேசாம இத எடைக்குப் போடுங்க. இரும்பு நல்லா கனக்கும். ஒரு ஸ்கூட்டர் எடுங்க, கியரே கிடையாது. உக்காந்தா போயிடும்."

"உன் ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தாச்சு மாப்ள," என்றேன்.

என் தொழில் பழைய சாக்கு. கட்டடம் நடக்கிற இடங்களில் காலி சிமெண்ட் சாக்கு வாங்குவேன். உதறிக் கட்டு கட்டி, பெரம்பலூர் தாண்டி பூலாம்பாடி வரைக்கும் காடுகாடாகக் கொண்டுபோய் விற்பேன். மக்காச்சோளக் கதிர் அள்ளவும் ஆட்டு எரு கட்டவும் வாங்குவார்கள். ரோடு இல்லாத இடம். கரிசல் மண். மச்சினன் ஸ்கூட்டரை ஒரு மழைக்கு அப்புறம் எடுத்துக்கொண்டு போனேன். சின்னச் சக்கரம். சேறு அப்பி உருளாமல் நின்றது. சாக்குக் கட்டோடு பருத்திக்குள் விழுந்தேன். காட்டுக்காரர் ஓடி வந்து முதலில் செடியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைத் தூக்கினார்.

பெரிய சக்கரம் வைத்த வண்டி எல்லாவற்றிலும் கியர் இடது காலில். என் இடது கால், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கல் விழுந்த கால். கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மொத்தமாக அழுத்துவேன், அது முடியும். பிரேக்குக்கு அது போதும். கியருக்கு விரலாலும் குதிகாலாலும் மாற்றி மாற்றித் தட்டணும். எங்கே வைத்திருக்கிறேன் என்று அந்தக் காலுக்குத் தெரியாது.

இந்த வண்டி ரொம்பப் பழசு. கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். இப்போது அப்படி யாரும் செய்வதில்லை. இது நின்றால் நானும் நின்றுவிட வேண்டியதுதான். இது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் சொல்லவில்லை.

"கோயம்புத்தூர்ல ஒருத்தர் இருக்கார்ணே," என்றார் பாய். "உள்ளே புதுக் குழாயே எறக்கிடுவார். அப்புறம் எல்லாம் முதல்லேர்ந்து. புது வண்டி பிஸ்டனே போடலாம்."

போனைப் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"வண்டி ஓடுதுங்களா?" என்று கேட்டார் அந்தப் பக்கத்து ஆள்.

"மாட்டுனா ஓடும். புகை விடும்," என்றார் பாய்.

"அப்ப மாட்டி, ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

மச்சினன் குறுக்கே விழுந்தான். "குட்டியானைல ஏத்திக்கிட்டு வந்துடுறோம் சார். இல்லாட்டி எஞ்சினை மட்டும் மூட்டை கட்டி லாரில போட்டு விடுறேன்."

"வேண்டாமுங்க. ஆறிப்போன எஞ்சின் பொய் சொல்லுமுங்க. உங்க வூட்டுலேர்ந்து என் வாசல் வரைக்கும் ஓடியே வரட்டும். வந்து நிக்கிறப்ப நான் காது வெச்சுக் கேக்கோணும். மூட்டையில வந்தா நான் தொடமாட்டேனுங்க."

வைத்துவிட்டார்.

"திமிரு புடிச்ச ஆளா இருக்கான்," என்றான் மச்சினன்.

"வேலைக்காரன்," என்றார் பாய்.

எவ்வளவு தூரம் என்று பேச்சு வந்தது. முன்னூறு என்றான் மச்சினன், லாரியில் போகிறவன். பாய் போனில் பார்த்து இருநூற்று அறுபத்திரண்டு என்றார். என் வீட்டுக்காரி இருநூற்று ஐம்பது என்றாள்.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அங்க ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப விடியக்காலம் பஸ் ஏறி, பந்திக்குச் சரியாப் போயிட்டோம்."

"பந்தியை வெச்சுத் தூரம் சொல்றா பாருங்க மாமா!"

என் வண்டியில் மீட்டர் செத்து வருசக்கணக்கு ஆகிறது.

தூரத்தை விடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சூடாகி நின்றால் இந்த வண்டி உதைத்தால் எடுக்காது. இறக்கத்தில் உருட்டித்தான் எடுக்கணும். அதனால் ஓய்வுக்கு நிறுத்துகிற இடமெல்லாம் சரிவாக இருக்கணும். அதை மச்சினனை விட்டால் சொல்ல ஆள் இல்லை. லாரிக்காரனுக்கு மேடு பள்ளம் தெரியும்.

"துறையூர் தாண்டி ஒரு புளியமரம் வரும், ரோடு சாயும். அங்க நிப்பாட்டுங்க. நாமக்கல்லுக்கு முன்னாடி ஒரு பாலம், ஏறி எறங்குற இடத்துல ஓரங்கட்டுங்க. பக்கத்துல டீக்கடை. வடை திங்காதீங்க, பழைய எண்ணெய்."

"ஈரோட்டுல?"

"ஈரோட்டுல நிக்கவே கூடாது மாமா. பூரா சமதளம், பூரா சிக்னல். நின்னா தள்ளத்தான் ஆள் தேடணும்."

"அதுக்குத்தான் நான் போறேன்," என்றாள் என் வீட்டுக்காரி.

அவள் வருகிறாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"நீ ஏறி உக்காந்தா எஞ்சின் தாங்குமாக்கா?"

"தினம் அம்பது கிலோ சாக்கு ஏறுது. நான் ஏறுனா கசக்குதா?"

"அம்பதா நீ?" என்றான்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி அவன் மூஞ்சியில் எறிந்தாள். பாய் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

கார்த்திகை மழை விட்டதும் கிளம்புவது, தை அறுப்புக்கு முன்னால் திரும்பிவிடுவது. அப்படி முடிவானது. அறுப்பில்தான் சாக்கு போகும். பாய் பழைய பிஸ்டனையே திருப்பிப் போட்டு, ரிங் மட்டும் மாற்றி மாட்டிக் கொடுத்தார். முதலில் பெரம்பலூர் வரை போய்ப் பார்க்கச் சொன்னார்.

மழை விட்டது. இரண்டு பேரும் ஏறிப் போனோம். குன்னம் தாண்டி வண்டி திணறியது. இழுக்கவில்லை. கறுப்பாகப் புகைந்தது. அப்புறம் நின்றது. எஞ்சின் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. அவள் இறங்கி நின்றாள். பக்கத்தில் மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது.

பெரம்பலூரே போகவில்லை. கோயம்புத்தூர் எங்கே போக. இதுதான் அப்போது என் மனதில் ஓடியது.

பாய்க்குப் போன் போட்டேன். வந்தார். பெட்ரோல் பார்த்தார், பிளக் பார்த்தார். கடைசியாக வண்டி காற்று இழுக்கிற பெட்டியைத் திறந்தார். உள்ளே வாய்க்குக் குறுக்கே ஒரு துணி. ஸ்பேனரால் தட்டினார். கல் மாதிரிச் சத்தம் வந்தது.

"யாருண்ணே இத வெச்சது?"

எனக்குத் தெரியாது. அவள்தான் சொன்னாள். "நாந்தான்."

சாக்கு உதறுகிறவர்கள் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வோம். சிமெண்ட் தூசி துண்டோடு நிற்கும். சாயங்காலம் அலசிவிடுவோம். அலசாமல் விட்டால் மறுநாள் இறுகிக் கிடக்கும். வண்டி தேய்வதற்குத் தூசிதான் காரணம் என்று பாய் அன்றைக்குச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு வண்டிக்கும் ஒரு ஈரத்துணி கட்டியிருக்கிறாள். தினம் காலையில் தண்ணீர் தெளித்திருக்கிறாள். அவிழ்த்து அலசவில்லை.

"அதுக்கும் மூக்குதானேன்னு நெனச்சேன்," என்றாள்.

"அக்கா, அஸ்திவாரமே போட்டுட்டீங்க. மேல ரெண்டு ரூம் கட்டிடலாம்," என்றார் பாய்.

அவள் சிரிக்கவில்லை.

துணியை உடைத்து எடுத்தார். நல்ல பில்ட்டர் ஒன்றை எண்ணெய் தடவி மாட்டினார். எஞ்சின் ஆறியதும் உதைத்தேன். இரண்டாவது உதையில் எடுத்தது. புகை இருந்தது, ஆனால் வெள்ளைப் புகை, கொஞ்சம். இழுவை நன்றாக இருந்தது.

"இப்ப மூச்சு விடுது. கோயம்புத்தூர் போயிடும், இன்ஷா அல்லாஹ்," என்றார் பாய்.

வீட்டுக்கு வந்ததும் அவள், "நான் வரல. தம்பியக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள்.

"அவன் லாரிக்குப் போயிட்டான்."

"பாயைக் கூப்பிடுங்க."

"அவருக்குப் பட்டறை இருக்கு."

"என்னாலதான் வண்டி நின்னுச்சு."

"உன்னாலதான் தூசி உள்ள போகல," என்றேன்.

நிஜம்தான். துணிக்குப் பின்னால் பாய் விரல் விட்டுப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. நானும் பார்த்தேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அவள் புளிச்சோறு கட்ட வாழை இலை வாங்கி வந்தாள். இரண்டு பேருக்கான இலை.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். பெரம்பலூரில் வெளிச்சம் வந்தது. புளியமரத்தில் நின்றோம், பாலத்தில் நின்றோம். மச்சினன் சொன்ன சரிவு சொன்ன இடத்தில் இருந்தது. வடை தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

ஈரோட்டில் சிக்னலில் வண்டி நின்றது. அவள் இறங்கித் தள்ளினாள். டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தேன். அவரும் தள்ளினார்.

"எங்கம்மா போறீங்க, இந்த வண்டியில?"

"வண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் சார்."

வண்டி எடுத்துக்கொண்டது. அவள் ஓடிவந்து ஏறினாள். அன்றைக்கு முதல் தடவையாக அப்போதுதான் சிரித்தாள். முதுகில் தெரிந்தது.

சாயங்காலம் அந்தப் பட்டறை வாசலில் போய் நிறுத்தினேன். அணைக்காதீங்க என்று கையைக் காட்டிக்கொண்டே ஒருவர் வந்தார். போனில் பேசியவர். சின்ன வயசுதான். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கிராங்க் நல்லாயிருக்குதுங்க. குழாய் மட்டுந்தான். எறக்கிடலாமுங்க."

அப்புறம் என் காலைப் பார்த்தார். கியரைப் பார்த்தார். "இத வுட்டா உங்களுக்கு வேற கெடையாதுங்களே," என்றார்.

"கிடையாது," என்றேன்.

அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டு மாடியில் தங்கினோம். வேலை முடிந்து அவர் வண்டியை என்னிடம் கொடுக்கும்போது மீட்டரையும் மாற்றியிருந்தார். நான் கேட்கவில்லை.

"புதுக் குழாய்ங்க. ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதைத் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லாம எப்படித் தெரியும்?"

மீட்டரில் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். ஒரே உதையில் எடுத்தது. புகை இல்லை.

திரும்பும்போது சரிவு தேடவில்லை. சமதளத்தில் நிறுத்தினோம், உதைத்தோம், போனோம். ஈரோட்டில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே நின்றது. போலீஸ்காரரைத் தேடினாள். வேறு ஆள் இருந்தார். லாரிகள், பஸ்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற ஸ்கூட்டர், எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நான் நாற்பதைத் தாண்டவில்லை.

அரியலூர் வரும்போது இருட்டிவிட்டது. வாசலில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். லாரி விட்டு வந்திருந்தான். பாயும் வந்திருந்தார். வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார் பாய். கொஞ்ச நேரம் கேட்டார். தலையை ஆட்டினார்.

"இனி இருபது, நாப்பது, அறுபதுன்னு மறுபடி முதல்லேர்ந்து இருக்குண்ணே. உங்க காலத்துக்குத் தாங்கும்."

மச்சினன் மீட்டரைப் பார்த்துவிட்டான்.

"புது மீட்டரா! மாமா, எவ்வளவு ஆச்சு? முன்னூறுதானே? சொன்னேன்ல?"

"நகருடா," என்றாள் என் வீட்டுக்காரி. போன் லைட்டை அடித்து, குனிந்து, ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

இருநூற்று எழுபத்து நான்கு.