கைதட்டலை வெட்டிய கேசட்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் எந்தப் பாட்டுக்கு நடுவில் இருமுவார், எது முடிந்ததும் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்துவார் என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஆசைப்பட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஒற்றை அறையும் அடுப்படியும் மட்டும் உள்ள வீட்டில் டேப்ரிக்கார்டர் ஓடினால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எண்பதுகளின் கடைசி அது. இராஜபாளையத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை, நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் பிரேம் மெஷினில். நான் பேண்டேஜ் கம்பெனியில் துணியை ரோல் சுற்றிக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை குட்டி கிடையாது. அதைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிரை இந்தக் கிழவர் வாங்கினார்.

கேசட்டைக் கொண்டுவந்தவர் என் கொழுந்தன். பட்டாளத்தில் இருந்தார். ஒரு லீவுக்கு வந்தபோது பெரிய டேப்ரிக்கார்டரும் கூட்டாளியிடம் இரவல் வாங்கிய அந்தக் கேசட்டுமாக வந்து இறங்கினார். அட்டையில் நரைத்த முடியைத் தோள்வரை விட்ட ஒரு மனிதர், கிதாரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி வாயைத் திறந்திருந்தார்.

"பல்வலியா இவருக்கு?" என்று கேட்டேன்.

"மதினி, இவரு எம்புட்டுப் பெரிய ஆளு தெரியுமா? ராக் பாட்டுல முப்பது வருசமா கொடிகட்டிப் பறக்காரு. இது லைவ் கேசட்டு. மேடையில சனத்துக்கு முன்னாடி பாடுனதை அப்படியே பிடிச்சிருக்காங்க."

"அதான் ஒரே இரைச்சலா இருக்காக்கும்?"

"அந்த இரைச்சல்தான் மதினி விசேஷம். பழைய கேசட்டுல குரல் அம்புட்டு சுத்தமா இருக்கும். இதுல வயசாயிருச்சு, மேல போக முடியலை. முடியாத இடத்துல சனமே எடுத்துப் பாடிருது. எங்க பட்டாளத்துல இதுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சு அலையுறோம். தப்பு விட்டாலும் தப்போட கேப்போம். அவரு பக்கத்துலயே நிக்க மாதிரி இருக்கும்."

முடியவில்லை என்றால் வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன். தலை நரைத்த பிறகும் வேலைக்குப் போகிறவர்களை மில் வாசலில் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு யாரும் கைதட்டிப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர்தான் மயங்கிப்போனார். சினிமாப் பாட்டுக்குக்கூடத் தலையாட்டாத மனிதர், வேலை முடிந்து வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் கேசட்டைப் போட்டுவிடுவார். சத்தத்தை மேலே ஏற்றி, உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாட்டு முடிந்து ஜனம் ஓவென்று கத்தும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் கண்டதில்லை.

எனக்கு ஆத்திரமே அந்த முகத்தின்மேல்தான். ஏனென்றால், அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பிருந்தே நான் கூப்பிட்டால் அவர் பதில் சொல்வதில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தைத் தூக்குங்கள் என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். அசையமாட்டார். நேரே போய் முன்னால் நின்று கேட்டால் ஒழுங்காகப் பதில் வரும். முகத்தைப் பார்த்தால் பேச்சு, முதுகு திரும்பினால் ஊமை. நான் என்ன நினைப்பேன்? என் குரல் இவருக்கு வேண்டாததாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊர் பேர் தெரியாத கிழவர் இருமினால் உட்கார்ந்து கேட்க நேரமிருக்கிறது, கட்டியவள் தொண்டை கிழியக் கத்தினால் ஏன் என்று கேட்க முடியவில்லை.

ஒருநாள் எனக்குச் சீ என்று போய்விட்டது. கூப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். தண்ணீரை நானே தூக்கினேன். சோற்றைப் போட்டுத் தட்டை ணங்கென்று அவர் முன்னால் வைப்பேன். சண்டை போடக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே, அது இல்லை. கொழுந்தன் கூட்டாளிகளோடு சுற்றப் போனால் ராத்திரிதான் வருவார். அதுவரை வீட்டில் இருந்தது இரண்டு பேர். வாயைத் திறந்தது கிழவர் மட்டும்தான்.

லீவு முடிந்தது. டேப்ரிக்கார்டரை அண்ணனுக்கே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார் கொழுந்தன். கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் கிளம்புவதற்குள் காப்பி எடுத்துவிட வேண்டும். இங்கிலீஷ் பாட்டை நன்றாகப் பதிந்து தருகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த ஒரு பாய்தான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் என் அக்கா வீட்டுக்குப் போகிறவள் நான். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. கூட்டம் பிதுங்கிய பஸ்ஸில், எந்தச் சனியனைக் கண்டால் ஆகாதோ அதையே மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் வாங்கப் போனபோது பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, ஒரிஜினல்ல ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னாடி ஒரே கைதட்டலும் கூப்பாடும். எவனோ மேடையில வச்சுப் பிடிச்சிருக்கான், விவரமில்லாதவன். நிப்பாட்டி நிப்பாட்டி அம்புட்டையும் எடுத்துட்டேன். இருமலைக்கூட விட்டு வைக்கலை. இப்ப பாட்டு மட்டும் சுத்தமா இருக்கு, கேட்டுப் பாருங்க."

"நல்லா இருப்பீங்க பாய்" என்று மனதார வாழ்த்திவிட்டு வந்தேன்.

மறுநாள் கொழுந்தன் ஒரிஜினலோடு ரயிலேறிவிட்டார். பகல் ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் புதுக் கேசட்டைப் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பெட்டிமேல் கையை வைத்தார். அடுப்படியில் இருந்த எனக்கு ஆச்சரியம். பாய் சொன்னது உண்மைதான். இரைச்சல் இல்லாமல் கேட்டபோது கிழவரின் குரல் எனக்கே கொஞ்சம் பிடித்தது. இவரோ முகத்தைச் சுளித்தார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைசிவரை திருகிவிட்டார்.

"ஏட்டி, என்னத்தைப் பதிஞ்சு குடுத்திருக்கான்? தொம்மு தொம்முனு என்னமோ விட்டு விட்டு வருது, ஒண்ணத்தையும் காணோமே. ஏமாத்திட்டான் உன்னை!"

பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. கிழவர் அடித்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார். "அக்கா, செத்த குறைச்சு வைங்க, பிள்ளை தூங்குது" என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்தது. இவர் ஒன்றையும் காணோம் என்கிறார்.

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். பெட்டி நின்றதும் பழுதாகிவிட்டதென்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையிலிருந்த பித்தளைச் சொம்பைத் தரையில் போட்டேன். சொம்பு போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை முழித்துக்கொண்டு வீரிட்டது. அவர் திரும்பவில்லை.

முன்னால் போய் நின்றேன். "உங்களுக்குக் காது கேக்கலை."

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவாப் பேசு. மில்லுல தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

ரிங் பிரேமில் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே கேட்காது. வாயசைவைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை வைத்தே வீட்டிலும் என்னை ஏமாற்றியிருக்கிறார்.

"ஒரேயடியாப் போகலை" என்றார். "மெல்லிசான சத்தமெல்லாம் ஒண்ணொண்ணாப் போச்சு. பாட்டும் அப்படித்தான், வரும், போயிரும். இந்தக் கேசட்டுல சனம் கத்துதுல்ல, அது மட்டும் முழுசா வந்துச்சு. அது வர்ற வரைக்கும் காது இருக்குனு நெனச்சுக்கிட்டேன்."

அழுகை வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது. "வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? ஒரு வருசமா என்னைக் கிறுக்கியாக்கி வச்சிருக்கீங்களே, நீங்க மனுசனா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவர் தலையிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பஸ். நல்லவேளை, பாய் முதலில் முழுசாக ஒரு காப்பி எடுத்துக் கடைக்கென்று வைத்திருந்தார்.

"வெட்டுன கைதட்டலைத் திரும்பப் போடணுமா? எல்லாரும் பாட்டுக்குக் கேசட்டு வாங்குவாக. நீங்க கூப்பாட்டுக்கு வாங்குதீக!"

"ஆமா பாய். எங்க வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்குதாம்" என்றேன். காரணத்தைச் சொன்னால் நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று சாயங்காலம் நானும் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். வேறு வழி? ஜனத்தின் கத்தல் எழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அது அடங்கியதும் என்னைப் பார்த்து, "இப்ப என்ன?" என்றார்.

"இருமுதாரு."

"இப்ப?"

"தண்ணி குடிக்காரு போல. என்னமோ பேசுதாரு, எல்லாரும் சிரிக்காங்க."

"என்ன பேசுதாரு?"

"எனக்கென்ன இங்கிலீஷா தெரியும்? உடம்பு முடியலைனு சொல்லுதாரோ என்னமோ."

கிழவர் தொண்டை அடைத்து நிற்கும் இடம் வந்தது. "நின்னுட்டாரு. சனம் பாடுது" என்றேன். "அது எனக்கே வருது" என்றார் பெருமையாக. அவ்வளவு வேலைச் சலிப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு பக்கம் ஓடி முடிந்தது. கேசட்டைத் திருப்பிப் போடாமல் என் பக்கம் திரும்பினார்.

"அடுப்படியில இருந்து கூப்பிடுவேல்ல நீ" என்றார். "லேசா வரும். உன் சத்தம்னு தெரியும், என்ன சொல்லுதேனு பிடிபடாது. தப்பாப் பதில் சொன்னா குட்டு வெளிப்பட்டுருமேனு பேசாம இருந்துருவேன். ஆனா எப்பக் கூப்பிடுவேனு காத்துக்கிட்டுத்தான் இருப்பேன். பொறவு ஒருநாள் அதுவும் சுத்தமா நின்னு போச்சு. அன்னைக்குத்தான் ரொம்பப் பயந்துட்டேன்."

நின்றது அவர் காது இல்லை, என் வாய். அதை அவரிடம் எப்படிச் சொல்ல? சோறு வடிக்க வேண்டும் என்று சைகை காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே நின்று, அவர் முதுகைப் பார்த்து, "ஏங்க!" என்று கூப்பிட்டேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம். அவர் அசையவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். மறுபடியும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்று அடுத்த வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். அவளைக் கண்ட பிறகுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஒன்றுமில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டுத் தட்டோடு வந்தேன்.

"கூப்பிட்டியா?" என்றார்.

தலையாட்டினேன்.

"கேட்டுச்சு" என்றார்.

"கேட்டுச்சுனா எந்திரிச்சு வர வேண்டியதுதான?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டேன்.