குசினிக்கும் கழற்றிய சப்பாத்து

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் சாமான் வாங்கும் கடையில் கொடுத்த நாள்காட்டியில், மே மாதத்துக்கு ஹம்பியின் படிக்குளம் படமாக வந்திருந்தது. அந்தத் தாளைப் புரட்ட டிசம்பர் வரை என் மனைவி விடவில்லை. ஏழு மாதம் நான் தேதியைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். அடுத்த பெப்ரவரியில் இருவரும் ஹம்பிக்கே போய் இறங்கினோம்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பகல். மாலையில் ரயில். ஐந்து மணிக்குக் கிளம்பியே ஆகவேண்டும் என்று ஆட்டோக்காரர் சொல்லிவிட்டார். பெங்களூரில் வளர்ந்த தமிழர் அவர்.

கோயில் என்றால் சப்பாத்தோடு படி ஏற எனக்குக் கால் வராது. ஹம்பியிலோ திரும்பிய பக்கமெல்லாம் கோயில்.

"உள்ளே சாமியே இல்ல சார். ஷூவோட போங்க," என்றார் ஆட்டோக்காரர்.

"சாமி இல்லாட்டியும் கோயில் கோயில்தானே, தம்பி."

முழங்கால் சரியாக மடங்காது. நாடாவை அவிழ்த்துக் கட்ட ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிடம். ஏழு கோயில் முடிந்து, குளம் இருக்கும் அரண்மனை வளாகத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு. அங்கே கட்டடங்கள் இல்லை, அடித்தளங்கள்தான். எது கோயில், எது மாளிகை என்று கல்லைப் பார்த்துத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு மேடைகளில் கழற்றினேன்.

நாலாவதில் மனைவி பலகையை வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, இது சமைக்கிற இடமாம். குசினிக்கே சப்பாத்துக் கழட்டினனீங்கள்?"

"எங்கட வீட்டுக் குசினிக்கும் சப்பாத்தோடை போறேல்லைத்தானே!"

சிரித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்கட நாடாவாலை நான் குளத்தைப் பாக்காமல் போகப்போறன். இனிப் போடவேண்டாம். இஞ்சை தாங்கோ."

இரண்டு சப்பாத்தையும் தன் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். லண்டன் குளிருக்கு வாங்கிய கம்பளிக் காலுறையோடு, சூடேறிய கல்லிலும் முள்ளிலும் நான் துள்ளித் துள்ளிப் பின்னால் போனேன். எதிரே வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

குளம் கிடைத்தது. நாலு பக்கமும் கரிய படிகள் இறங்கி இறங்கி அடிவரை போயின. மனைவி விளிம்பில் நின்றாள். நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"படத்திலை நிறம் பிழை," என்றாள் கடைசியில். "இது வடிவு."

ஆட்டோக்காரர் அழைத்தார். தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தாள்.

"தம்பி, அஞ்சுக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம்தான் இருந்தது. படியில் உட்கார்ந்து, காலுறையில் ஏறிய முள்ளைப் பிடுங்கத் தொடங்கினேன்.