மூன்று கட்டில்களில் ஒரே கிருமி

1. பச்சை பிளேட்

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். காலையில் வந்ததும் முதல் வேலை, இன்குபேட்டரைத் திறந்து நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் சளியிலிருந்தும் கிருமி வளர்க்க முந்தைய நாள் வைத்த கல்ச்சர் பிளேட்டுகளைப் பார்ப்பது. அன்று கதவைத் திறந்தபோதே திராட்சைப் பழம் போல ஒரு இனிப்பு வாசனை வந்தது. மெடிக்கல் வார்டு நோயாளிகள் இரண்டு பேரின் பிளேட்டுகள் நீலப்பச்சையாக நிறம் மாறியிருந்தன. சூடோமோனாஸ். அதே வார்டில் கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் ரத்தத்திலும் சில நாட்களுக்கு முன் இதுவே வளர்ந்திருந்தது. ரிப்போர்ட் மேலே போவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சூடோமோனாஸ் அபூர்வமான கிருமி இல்லை. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கும்: வாஷ்பேசினில், ஈரத் துடைப்பத்தில், பூச்சாடித் தண்ணீரில். நல்ல உடம்பை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கீமோ போட்டு வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பிலோ, ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பிலோ புகுந்தால், காய்ச்சல் என்று தெரிந்த மறுநாளே ஆள் போய்விடலாம்.

அன்றைய பிளேட்டுகளில் ஒன்று, கிட்னி கோளாறுக்காக ஸ்டீராய்டில் இருந்த ஒரு வாத்தியாருடையது. மற்றது சரோஜாவுடையது.

2. சரோஜா

சரோஜாவும் அவள் கணவன் மணியும் மாதேஸ்வரன் மலையை ஒட்டி ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவன் கொத்தனார், அவள் சித்தாள். பல் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று வந்தாள். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இருவருக்கும் கன்னடம் சரியாக வராது. நான் கொள்ளேகால்காரி, வீட்டில் தமிழ். அதனால் டாக்டர் சொல்வதை எடுத்துச் சொல்ல வார்டிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கீமோ என்றால் என்ன, முடி கொட்டும், வெளிச் சாப்பாடு கூடாது, கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுக்கப்புறம் சட்டி தூக்க முடியுமாக்கா?"

முடியும் என்று டாக்டர் சொன்னார். அவரும் அப்போது நம்பிக்கையோடுதான் இருந்தார். கீமோ ஏற்றியதும் எதிர்பார்த்தபடி வெள்ளை அணுக்கள் குறைந்தன. மூச்சு வாங்கியதால் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் அணுக்கள் ஏறத் தொடங்கும் என்றிருந்த நேரத்தில் குளிர்க்காய்ச்சல் வந்தது.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க, பிளேட்டில் சின்னச் சின்ன மருந்து டிஸ்க்குகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் டிஸ்க்கைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் தெரியும். வழக்கமாகப் போடும் மருந்து எதற்கும் வட்டம் விழவில்லை. செஃப்டாசிடிம் ஒன்றுக்குத்தான் விழுந்தது. அது எங்களிடம் இல்லை. பெங்களூருக்குச் சொல்லி, பஸ்ஸில் வரவழைத்து, வாத்தியாருக்கும் சரோஜாவுக்கும் போட்டார்கள்.

வாத்தியாருக்குக் காய்ச்சல் இறங்கியது. சரோஜாவின் தொடையில் கருப்புத் திட்டுகள் வந்தன. மறுபடி ரத்தம் எடுக்கப் போனபோது ஒரு கையில் நரம்பே கிடைக்கவில்லை. அவளே மெதுவாக மற்ற கையை நீட்டினாள். மறுநாள் மதியம் இறந்துபோனாள்.

3. ஸ்வாப்

எங்கள் மைக்ரோபயாலஜிஸ்ட் மேடம் மூன்று ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே வார்டு. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதும் மூன்றிலும் ஒன்றே. கிருமி ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

வார்டு சிஸ்டர் சுத்தத்துக்குப் பேர்போனவர். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவரே ஒவ்வொரு அலமாரியாகத் திறந்துவிட்டார். பேசின், சோப்பு, துடைப்பம் எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்தோம். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஆக்சிஜன் என்று மேடம் கடைசியில்தான் கவனித்தார். ஆக்சிஜன் ஒரு பாட்டில் தண்ணீர் வழியாக ஈரமாகித்தான் மூக்குக்குப் போகும். தண்ணீர் குறைந்தால் ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி நிரப்புவார்கள். பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

பாட்டிலிலிருந்தும் கேனிலிருந்தும் தண்ணீர் எடுத்து வளர்த்த பிளேட்டுகள் மறுநாள் பச்சையாக இருந்தன. டிஸ்க் வைத்துப் பார்த்ததில் முடிவும் அப்படியே ஒத்துப்போனது. சிஸ்டர் எங்கள் லேபுக்கு வந்து அந்தப் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் குறையாமல் நான்தானே பார்த்துக்கொண்டேன் என்று கன்னடத்தில் சொன்னார்.

சூப்பரின்டெண்டெண்ட் அன்றே எல்லா பாட்டில்களையும் மாற்றச் சொன்னார். நோயாளிகளின் வீட்டாரிடம் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

4. மணி

இறப்புச் சான்றிதழுக்காக வந்த மணி, என்னைத் தேடி லேபுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாந்தானுங்கக்கா அவளக் கொன்னது. நீங்க வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. மாதேஸ்வரன் மலைக்குப் போயி தீர்த்தம் கொண்டாந்து, யாருக்கும் தெரியாம ஒரு வாய் குடுத்துட்டேன். அது தெரிஞ்சதுலருந்து எங்க மாமனாரு மூஞ்சி குடுத்தே பேசறதில்லீங்க."

நான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் புரியும். பேனாவை மூடி வைத்தார். என்னைத் தடுக்கவில்லை.

"உன் தீர்த்தத்தால இல்ல மணி. அதே கிருமி இன்னும் ரெண்டு பேருக்கு வந்திருக்கு. அவங்க யாரும் உன் தீர்த்தத்தக் குடிக்கல. எங்க ஆக்சிஜன் பாட்டில் தண்ணியிலதான் அது இருந்துச்சு."

அவன் கத்தப்போகிறான், அடிக்கக்கூடச் செய்யலாம் என்று நினைத்தேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அந்தத் தண்ணிய மாத்தியாச்சுங்களா?"

"மாத்தியாச்சு."

"இத எங்க மாமனாருகிட்டச் சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாருங்க."

மாமனார் வெளியே கேட் பக்கத்தில் நின்றிருந்தார். மேடமும் நானும் போனோம். சொன்னது மேடம்தான். தவறு எங்கள் மருத்துவமனையுடையது, உங்கள் மருமகனுடையது அல்ல என்று தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பெரியவர் எங்களையும் பார்க்கவில்லை, மணியையும் பார்க்கவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது கீழே இருந்த மணியின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

உத்தரவை மீறிச் சொன்னதற்காக மேடத்திடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவர் கொடுத்தார், சில மாதங்களில் வேலையை விட்டும் போனார். என்னை பிளட் பேங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஈரமாக இருக்கும் எதையும் நம்பாதீர்கள், பாட்டிலைத் தினமும் கவிழ்த்துக் கழுவிக் காயவையுங்கள் என்பதை இப்போது எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள். நான் கூடுதலாகச் சொல்ல நினைப்பது வேறு. நம் இடத்தில் நடந்த தவறை நாம் வாய்விட்டுச் சொல்லாவிட்டால், செத்தவரின் வீட்டில் யாரோ ஒருவர் அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு காலம் முழுக்கக் கிடப்பார்.