இருநூறு சதுரக் கோல்

தாயைப் புதைத்த மறுநாள் காலையில் உமையாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருஷம் அது. செமிலிங் ஊரை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் மழைக்காலம் முழுக்கக் காய்ச்சல். சாவு வீட்டுக்குப் போய் வருவது குழாயடிக்குப் போய் வருவது மாதிரி ஆகியிருந்தது. அவள் அழவில்லை. அழவில்லையே என்று நினைத்துப் பார்க்கவும் இல்லை. சேலையைக் கட்டிக்கொண்டு போனாள், பிள்ளைகளை உட்காரச் சொன்னாள், வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள்.

பள்ளிக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை. முன்பு பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாத்தியார் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடச் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உமையாளுக்கு மிச்சம் இருந்தது கல்யாணமாகாத அண்ணன் பக்கிரிசாமி மட்டும். அவனும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். மண்வெட்டியை நான்கு தரம் போட்டால் ஐந்தாவது தரத்துக்கு உட்கார்ந்துவிடுவான். சயாமுக்குப் போனால் அவன் திரும்ப மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். பயமாகக்கூட இல்லை, வெறுமனே தெரியும்.

ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போடச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு நிலம். இருநூறு சதுரக் கோலுக்குக் குறையாமல் பயிர் வைத்தவன் தோட்டத்தில் இருக்கலாம். குறைந்தவன் சயாம் லாரியில் ஏற வேண்டும். கோல் என்றால் பத்தடி மூங்கில். ஆனால் எவரும் மூங்கிலைக் கொண்டு அளக்கவில்லை. பால் வெட்டியே வளர்ந்தவர்களுக்கு நிலம் என்றால் மரம்தான். 'அவன் முந்நூறு மரத்துக்காரன்' என்பார்களே ஒழிய இத்தனை ஏக்கர் என்று யாரும் சொன்னதில்லை. அதனால் கங்காணி ராமையா வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளை எண்ணினார். ஐம்பது கட்டை இருந்தால் இருநூறு கோல். அவர் சொன்னது தோட்டம் முழுக்கச் சட்டம்.

பக்கிரிசாமியின் நிலம் மேட்டுப் பக்கம். அங்கே பல வருஷங்களுக்கு முன்பே வேர் அழுகி மரங்கள் செத்து, கட்டைகளையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். எண்ணினால் நாற்பதுகூடத் தேறாது. நிலமோ பரந்து கிடந்தது.

உமையாள் கிராணி சுப்பிரமணியத்திடம் போனாள். தோட்ட ஆபீசில் எல்லாவற்றையும் எழுதுகிறவர் அவர்தான்.

"கட்டைய எண்ணாம கோல் போட்டு அளக்கலாங்களா, ஐயா?"

"யாரு அளக்கறது? எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு."

"புள்ளைங்க அளக்கும். நான் சொல்லிக் குடுக்கறேன்."

கிராணிக்கும் அது வசதியாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளையும் பயிர் வேலையில் இறக்கச் சொல்லி ஜப்பான் தொரை நச்சரித்துக்கொண்டிருந்தான். "சரி. வேகமா சொல்லிக் குடுங்க," என்றார்.

பாடம் வெளியில்தான் நடந்தது. முதல் நாள் ஒரு பாத்தியை அளக்கச் சொன்னாள். பிள்ளைகள் பாத்தியைச் சுற்றி நடந்து கோல்களை எண்ணிக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"சுத்தி நடந்தா வேலிதான் கெடைக்கும். உள்ள நெரப்பினாத்தான் நெலம்," என்றாள் உமையாள்.

நான்கு மூங்கில்களைத் தரையில் சதுரமாகப் போட்டாள். அதற்குள் மரவள்ளிக் குச்சிகளை ஊன்றச் சொன்னாள். வரிசைக்கு மூன்றாக ஒன்பது குச்சிகள் நின்றன. பக்கத்தில் இன்னொரு சதுரம், அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒரு வரிசையில் எத்தனை சதுரம், அப்படி எத்தனை வரிசை, இரண்டையும் பெருக்கு. அவ்வளவுதான்.

"டீச்சர், சதுரத்துக்குள்ள ஒரு கட்டைகூட இல்லாட்டி?" என்று கேட்டாள் இராசாத்தி. வகுப்பில் கணக்கு நன்றாக வருகிற பெண் அவள்.

"வெறும் நெலத்துலயும் மரவள்ளி மொளைக்கும். அதுவும் சேத்திதான்."

"எங்கப்பா மண்டையிலகூட வெறும் நெலம் நெறைய இருக்கு டீச்சர். அளக்கலாமா?" என்றான் காளிமுத்து.

பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். உமையாள் அந்தச் சிரிப்பு முடியும்வரை நின்றாள். பிறகு, "பதினாலு பதினஞ்சு எவ்வளவு?" என்று கேட்டாள். அது பக்கிரிசாமியின் நிலம். அவள் முன்னமே தனியாகப் போய் அளந்துவிட்டிருந்தாள்.

அளக்கிற நாளன்று கிராணியும் கங்காணியும் கூட வந்தார்கள். மேட்டு நிலத்தில் பிள்ளைகள் கோலைப் புரட்டிப் புரட்டிப் போட்டு இருநூற்றுப் பத்து என்றார்கள். பக்கிரிசாமி தங்கையைப் பார்த்தான். அவள் அடுத்த நிலத்துக்கு நடந்தாள்.

அடுத்து, ஓடைப் பக்கம் இராசாத்தியின் அப்பா குழந்தைவேலுவின் நிலம். தாழ்வான மண் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரன் அங்கே மரங்களை நெருக்கி நட்டிருந்தான். ஐம்பதுக்கு மேல் எட்டுக் கட்டைகள் கூடுதலாகவே இருந்தன. குழந்தைவேலு கைகட்டி நின்று சிரித்தார்.

"எங்கூட்டுக் கணக்குப்புள்ளையே அளக்குது. கொறஞ்சா இன்னிக்கு அதுக்குச் சோறு கெடையாது."

இராசாத்தி தானே கோலைப் பிடித்தாள். நீளம் பதினாறு, அகலம் பன்னிரண்டு. ஓடை சாய்வாக ஓடியதால் ஓரமாக மூக்குப் போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டு இருந்தது.

"டீச்சர், இந்த மூலை மிச்சம் இருக்கு. இங்கயும் அப்பா நட்டிருக்காரு. இத எப்படிப் போடறது?"

உமையாள் அந்தப் பாடத்தை இன்னும் நடத்தவில்லை. சதுரமும் நீள்சதுரமும் வரவே பிள்ளைகளுக்கு இத்தனை நாளாகியிருந்தது. கிராணி வானத்தைப் பார்த்தார்.

"கோணல் மாணலை எல்லாம் வுடுங்க டீச்சர். மழை கட்டிக்கிட்டு வருது. போதும்லா."

"விட்டுடு," என்றாள் உமையாள்.

இராசாத்தி மனசுக்குள் பெருக்கினாள். விரலைக்கூட மடக்கவில்லை. "நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

குழந்தைவேலு சிரித்த முகத்தோடே நின்றார். "அம்பத்தெட்டுக் கட்டை இருக்குதேம்மா," என்றார் மெதுவாக.

"கட்டைக் கணக்கு இப்ப கெடையாதுண்ணே," என்றார் கங்காணி, கீழே பார்த்துக்கொண்டு.

கிராணி எழுதிக்கொண்டார். முதல் தூறல் விழுந்தது. எல்லாரும் லயத்து வீடுகள் பக்கம் நடந்தார்கள்.

சாயங்காலம் பக்கிரிசாமி வேகவைத்த மரவள்ளியை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். உமையாள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணக்குப் போட நினைக்கவில்லை. விடை தானாக வந்து நின்றது. அந்த மூலை, அவள் கண் அளந்து வைத்திருந்தபடி, ஓடையோரம் எட்டுக் கோல், உள்ளே மூன்று கோல். பெருக்கிப் பாதியாக்கினால் பன்னிரண்டு. சேர்த்தால் இருநூற்று நான்கு.

எழுந்து கிராணி வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றே சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"சயாம் போற ஆள் கணக்கு தொரைகிட்ட போயிடுச்சு டீச்சர். எட்டுப் பேரு. ஒரு பேர எடுத்தா அந்த எடத்துல இன்னொரு பேரு வேணும். நெலம் சரியா இருக்கறவங்கள்ல பொண்டாட்டி புள்ள இல்லாத ஆளத்தான் கேப்பான். அப்படி நம்ம தோட்டத்துல யாரு இருக்கா?"

உமையாள் திரும்பி லயத்துப் பக்கம் பார்த்தாள்.

"நான் கெட்டவன் இல்ல டீச்சர். நீங்களே ஒரு பேரு சொல்லுங்க. இப்பவே தொரை வீட்டுக்குப் போறேன்."

உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. உமையாள் அது நிற்கும்வரை நின்றாள்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டேன்," என்றாள்.

லாரி வந்த அன்று பக்கிரிசாமி தோட்டத்து வாசல்வரை போய்விட்டு வந்தான். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தைவேலு ஏறினாராம். ஓடைக் கரையில் மண் சரிகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று இவனிடம் சொன்னாராம்.

"கட்டைய எண்ணியிருந்தா நான் போயிருப்பேன். இல்ல?" என்று கேட்டான்.

"ஆமாண்ணே."

"அவரு இருந்திருப்பாரு."

"ஆமா. சாப்புடு."

மறுநாள் காலையில் இராசாத்தியின் அம்மா பிச்சையம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

"டீச்சர், இவ சோறு தண்ணி எறங்காம கெடக்கா. கணக்குத் தப்பா, கணக்குத் தப்பான்னு அதே பேச்சு. நான் படிக்காதவ, எனக்கு என்னா தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புள்ள போட்டது சரிதானா?"

"பெருக்கினது சரிதாங்கக்கா," என்றாள் உமையாள்.

பிச்சையம்மாள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மகளை வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். இராசாத்தி போய் உட்காரவில்லை.

"அந்த மூலைக்கு எவ்வளவு வரும் டீச்சர்?"

"அது இன்னும் நடத்தாத பாடம்."

"எப்ப நடத்துவீங்க?"

"நடத்தலாம். போய் ஒக்காரு."

அன்று வாய்ப்பாடு. அடுத்த நாள் பாத்தி கட்டும் வேலை. வாரங்கள் போயின, பிள்ளைகள் வேறு வேறு நிலங்களை அளந்தார்கள், காளிமுத்துகூடப் பிழையில்லாமல் பெருக்கினான். கோணலான மூலை வருகிற இடத்தில் எல்லாம் இராசாத்தி கோலை நிறுத்திவிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்ப்பாள். உமையாள் தானே போய் அந்தத் துண்டை அளந்து, விடையை மட்டும் சொல்வாள். எப்படி வந்தது என்று சொல்வதில்லை.