மத்தியானக் கண்மாய்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வில்லாபுரம் வீட்டில் விடிவதற்கு முன்பே வாணலியில் கல்லுப்பு வெடிக்கும் சத்தம் கேட்கும். மதினி உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு பொட்டலமாகக் கட்டி, கைக்கு ஒன்றாக வைத்துக்கொள்வார். அதன் மேல் கம்பளிக் கையுறை. அதற்கும் மேல் பாத்திரம் துலக்குகிற மஞ்சள் ரப்பர் கையுறை. தலையில் என் அண்ணனின் மங்கி குல்லா. அந்தக் கோலத்தில் அவர் என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தால் தெருநாய்கள்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குரைக்கும். இத்தனை ஏற்பாட்டோடு நாங்கள் போவது திருவாதவூர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு கண்மாய்க்கு, பாய்மரப் படகு ஓட்ட.

மதுரையில் பாய்மரப் படகா என்று கேட்காத ஆள் கிடையாது. மதினி தூத்துக்குடிக்காரர். கல்லூரியில் படிக்கும்போது தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேர்ந்து படகோட்டப் பழகியவர். என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு மதுரைக்கு வந்து, பசுமலையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பவர் திடீரென்று பேனாவை மூடிவிட்டுக் கொடியில் காயும் சேலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்தத் திசையில் படபடக்கின்றன, எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்கு ஓடும். "இம்புட்டுக் காத்தும் வீணாப் போகுது தம்பி" என்பார். காற்று வீணாகப் போவதைப் பற்றிக் கவலைப்பட்ட மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்று லாரியில் வந்து இறங்கியது. இரண்டு பேர் ஏறும் படகு. அந்த இரண்டாவது ஆள் நான்தான் என்று என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது. நான் அப்போது கல்யாணமாகாதவன், அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறவன். என்னிடம் கேட்க என்ன இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் கார்த்திகை மழைக்குப் பிறகுதான் தண்ணீர் நிற்கும். மார்கழியில் கரை தளும்பும். தை மாதத்தில் மடையைத் திறந்து வயலுக்கு விட விடக் குறையும். பங்குனியில் ஆடு மேயும். காற்றும் அப்படித்தான். வடகிழக்கிலிருந்து வாடை நின்று வீசுவது அந்த மாதங்களில்தான். ஆக, தண்ணீரும் காற்றும் குளிரும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போய்விடும். மற்ற ஊர்க்காரர்கள் குளிர் முடியட்டும் என்று காத்திருந்து படகை இறக்கலாம். நாங்கள் காத்திருந்தால் படகைத் தரையில்தான் இழுக்க வேண்டும்.

மதுரைக் குளிரெல்லாம் ஒரு குளிரா என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பைக்கில் போகும்போது பல் கிட்டும், வெயில் ஏறினால் மறந்துபோகும். மதினிக்கு அப்படி இல்லை. வாடை பட்டதும் அவர் விரல்கள் நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பிக்கும். முதலில் ஒரு விரல், பிறகு அடுத்தது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கிள்ளினால் தெரியாது. அப்புறம் நீலம் பூத்து, கடைசியில் ரத்தம் திரும்பும்போது உயிர் போகிற வலி. அந்த நேரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருப்பார். அதற்காகத்தான் அந்த உப்புப் பொட்டலங்கள். திருவாதவூர் போய்ச் சேர்வதற்குள் அவை பாதி ஆறிவிடும்.

படகைக் கண்மாய்க் கரையில் ஒருவருடைய மோட்டார் அறைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்தோம். தன் அப்பா கூலிக்கு உழுத வயலை இப்போது சொந்தமாக வாங்கி உழுகிறவர் அவர். நான் அவரை அண்ணே என்பேன். எங்களை வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு அலுப்பே வரவில்லை. "டீச்சரம்மா, இந்தக் குளுருக்கு எங்க மாடே வெளிய வர மாட்டேங்குது. நீங்க தண்ணிக்குள்ள போறேங்குறீங்க" என்று சொல்லிக்கொண்டே படகின் ஒரு முனையைத் தூக்குவார்.

ஏன் விடியற்காலையில் போனோம் என்றால், ஞாயிற்றுக்கிழமையில் எங்களுக்குக் கிடைத்தது அது மட்டும்தான். அண்ணனுக்கு ஞாயிறு மத்தியானச் சாப்பாடு ஒரு திருவிழா. அத்தையும் மாமாவும் தவறாமல் வந்துவிடுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, சுக்கா, ரசம், அப்பளம். மதினி அரைத்து, வதக்கி, எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் தானும் உட்காரும்போது மூன்று மணியாகிவிடும். அதனால் வெயில் ஏறுவதற்குள் நாங்கள் திரும்பியாக வேண்டும். தலையில் ஈரம் சொட்ட நான் கறிக்கடையில் நிற்பேன். கடைக்காரர் ஒருமுறை, "எந்தக் கோயில் தீர்த்தம்ணே?" என்று கேட்டார். மத்தியானம் கண்மாய்க்குப் போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்படி ஒரு நேரம் இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை, மதினி உட்பட.

ஒரு வருஷம் மார்கழியில் கண்மாய் மறுகால் போகும் அளவுக்கு நிறைந்திருந்தது. வாடையும் பலமாக இருந்தது. மதினி சுக்கான் பிடியையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடித்திருந்தார், நான் முன்னால் சின்னப் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடுக்கண்மாயில் திடீரென்று காற்று ஒரு தள்ளு தள்ளியது. அந்த மாதிரி நேரத்தில் பாய்க்கயிற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும், படகு நிமிர்ந்துகொள்ளும். "விடுங்க மதினி, விடுங்க" என்று கத்தினேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைச் சுற்றி மூடியிருந்த விரல்கள் திறக்கவில்லை. அவர் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அடுத்த நொடி இருவரும் தண்ணீரில் கிடந்தோம்.

உயிர்காப்புச் சட்டை போட்டிருந்ததால் மூழ்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், தண்ணீருக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. படகை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து, நனைந்த துணியோடு வாடையில் கரைக்கு வந்து சேர்ந்த அந்த நேரம்தான் கொடுமை. எனக்கே தாடை ஆடியது. மதினியின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெளுத்துவிட்டன. மோட்டார் அறைக்காரர் பதறிப்போய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை ஒரு போணியில் ஊற்றிக்கொண்டு வந்தார். மதினி யோசிக்காமல் இரண்டு கையையும் உள்ளே விட்டார். "அப்பாடா" என்றுகூடச் சொன்னார். ஆவி பறப்பதைப் பார்த்து நான் போணியைத் தட்டிவிட்டேன். அவருக்குச் சூடே தெரியவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் விரல்களில் கொப்புளம் கிளம்பியிருந்தது.

அண்ணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கொப்புளங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே காலையில எங்கயும் போக வேணாம்" என்றார். அதில் பயம்தான் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் மதினியின் வருஷமே முடிந்துபோனது. அடுத்த மழை வரை அவர் கொடியில் சேலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அடுத்த மழைக்கும் இதே குளிர்தான் வரும், இதே கைதான் இருக்கும்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிர் பட்டதும் ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்கிறது, பெரிய ஆபத்து இல்லை, ஆனால் குளிரில் நனையக் கூடாது என்றார். "நீங்க புண்ணியம் பண்ணவுங்கம்மா, மதுரையில இருக்கீங்க. வெயில்ல கைய வைங்க. நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்று சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அவருடைய கட்டுப் போட்ட கையில் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, மத்தியானம் கண்மாய்ல காத்து எப்படி இருக்கும்?"

"தெரியலையே மதினி. நாமதான் பாத்ததே இல்லையே."

புண் ஆறுகிற வரைக்கும் அந்த வீட்டில் அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாடிக்கு ஏறுவார், இறங்குவார். மோட்டார் அறைக்காரருக்குப் போன் போட்டு, மடை திறந்தாச்சா, தண்ணி எம்புட்டு இருக்கு என்று விசாரிப்பார். பொங்கல் வந்து போனது. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கும் பொறுக்கவில்லை. ஞாயிறு காலையில் கறிக்கடையில் உலர்ந்த தலையோடு நிற்பது என்னவோ போல் இருந்தது.

தை பாதியில் ஒரு ஞாயிறு. வழக்கம்போல அத்தையும் மாமாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மதினி அன்றைக்கு வெள்ளென எழுந்து, பதினொரு மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சேலை மாற்றிச் சுடிதாரில் இருந்தார்.

"நான் கண்மாய்க்குப் போயிட்டு வாரேன்."

அண்ணன் பேப்பரை இறக்கினார். "இப்பயா?"

"காலையில போக வேணாம்னீங்க. காலையில போகலையே."

"சாப்பாடு?"

"எல்லாம் ஆக்கி வச்சிருக்கேன்."

"யாரு போடுறது?" என்று கேட்டது மாமா. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"பசிக்கிறவுங்க போட்டுக்கிட வேண்டியதுதான் மாமா" என்றார் மதினி. குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வாங்க தம்பி."

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மதினி பின்னால் குல்லா இல்லாமல், கையுறை இல்லாமல், பொட்டலம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானக் கண்மாயை அன்றைக்குத்தான் பார்த்தேன். தண்ணீர் பாதியாகியிருந்தது, ஆனால் படகுக்குப் போதும். வாடை வீசிக்கொண்டுதான் இருந்தது, காலையைவிடவும் பலமாக. அதில் கடி இல்லை. மேலே வெயில் முதுகில் உறைத்தது. மதினி கயிற்றை இழுப்பார், விடுவார், மறுபடி இழுப்பார், விடுவார். அது படகுக்கு வேண்டியதைவிட அதிகம். விரல்கள் திறக்கின்றன, மூடுகின்றன என்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. தண்ணீர் தெறித்துக் கை நனைந்தது. இருவரும் அந்தக் கையையே பார்த்தோம். சிவந்தே இருந்தது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து பாயைச் சரிசெய்வதுபோல முன்னால் திரும்பிக்கொண்டேன்.

"போவமா மதினி? அங்க அண்ணன்..." என்று இரண்டு தடவை இழுத்தேன். "இன்னொரு சுத்து" என்றார் இரண்டு தடவையும். மோட்டார் அறைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து கரையில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்கிற வரை நாங்கள் கரையேறவில்லை.

வீட்டில் நான் எதிர்பார்த்த புயல் அடிக்கவில்லை. அத்தையும் மாமாவும் கிளம்பிப் போயிருந்தார்கள். அடுப்படியில் ரசம் கொட்டிக் கிடந்தது, ஒரு சட்டி கருகியிருந்தது. அப்பளம் பொரிக்க முயன்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ வருஷமாகச் சாப்பிட வருகிற மாமா, அன்றைக்கு முதல்முறையாகத் தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாராம். அண்ணன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மதினி அவருக்கு எதிரே போய் நின்றார். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார், தோள் அப்படி இருந்தது.

"கையக் காட்டு" என்றார் அண்ணன்.

மதினி நீட்டினார். அண்ணன் எழுந்து லைட்டைப் போட்டு, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, நுனியை அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய இடம் வெளுத்து உடனே சிவந்தது. பத்து விரலையும் அப்படிப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். "எனக்கு நீ எந்த டப்பாவுல என்ன வச்சிருக்கேன்னே தெரியல" என்றார்.

நான் இப்போது வேலை மாற்றலாகி ஓசூரில் இருக்கிறேன். இங்கே குளிருக்குக் குறைவில்லை, படகுதான் இல்லை. மார்கழி வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். சென்ற ஞாயிறு மத்தியானம் தாங்காமல் மதினிக்குப் போன் போட்டேன். கண்மாய் நிறைந்துவிட்டதா என்று கேட்க ஆசை. வெகுநேரம் அடித்த பிறகு அண்ணன் எடுத்தார். பின்னால் குக்கர் விசில் கேட்டது, யாரோ கரண்டி எங்கே என்று கேட்டார்கள், அது மாமாவின் குரல்.

"அவ தண்ணியில இருக்கா" என்றார் அண்ணன். "அப்பறமாப் பேசுடா, அடுப்புல அப்பளம் கிடக்கு."