அழிக்கச் சொன்ன குங்குமம்

வட இந்தியாவுக்காக அழுது ஜெபிப்பதில் எங்கள் சபையை மிஞ்ச ஆள் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஒடிசாவில் ஊழியம் செய்கிற ஒரு தமிழ் மிஷனெரியை எங்கள் காணிக்கைதான் தாங்குகிறது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஒடிசாவே ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, எங்கள் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குடியிருப்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

என் கண்ணில் பட்டதற்குக் காரணம் வேலை. பிளாஸ்டிக் கம்பெனியில் என் பக்கத்தில் நின்று பேக்கிங் செய்தவள் ஓர் ஒடிசாப் பெண். கழுத்தில் சிலுவை, வகிட்டில் குங்குமம். புருஷனுக்கு இரும்பு ஆலையில் உலைக்குப் பக்கத்திலேயே வேலை. அவன் வீடு திரும்பும்வரை இவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள். பிறந்த பிள்ளைக்கு எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். போதகரிடம் நான்தான் பேசினேன். அவரும் சரி என்று நாள் குறித்தார்.

அந்த ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்னால் போதகர் அறைக்கு அவளையும் பிள்ளையையும் அழைத்துப் போனேன். இரவு ஷிப்ட் முடிந்து புருஷன் நேராக வருவதாகச் சொல்லியிருந்தான். அறைக்குள் சபை மூப்பரும் இருந்தார்.

"இன்னாமா இது, குங்குமத்த வச்சிக்கினு கோயிலுக்குள்ள வருது? மொதல்ல அத அழிக்கச் சொல்லு. அப்பாலதான் புள்ளைக்கு ஞானஸ்நானம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஊரில் அதற்குப் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். எங்களுக்குத் தாலி எப்படியோ அப்படி. அந்தத் தாலியை எந்த அப்போஸ்தலர் கொண்டுவந்து கட்டினார்? சிலுவையைக் கோத்துக்கொண்டோம், பரிசுத்தமாகிவிட்டது. புறஜாதியாரும் யூதர்களைப் போல விருத்தசேதனம் செய்துகொண்டே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவர்களிடம், நாமே சுமக்க முடியாத நுகத்தை அவர்கள் கழுத்தில் ஏன் ஏற்றுகிறீர்கள் என்று பேதுரு கேட்டதை வருஷா வருஷம் பிரசங்கத்தில் கேட்கிறோம், தலையாட்டுகிறோம், வீட்டுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடுகிறோம். சேரி ஜனம் என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். வெளியே நிற்பதன் வலி எங்களுக்கா தெரியாது?

"அப்போ உங்க ஊட்டம்மா தாலிய கழட்டட்டும், இவ இத அழிக்கட்டும்" என்று கேட்டேவிட்டேன்.

"வாய அடக்கிப் பேசும்மா. தாலியும் இதுவும் ஒண்ணா?"

போதகரைப் பார்த்தேன். அவர் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

பிள்ளையை ஆட்டிக்கொண்டு நின்றவள் மெல்லப் பேசினாள். "ஐயா, எங்க அம்மாக்கு ஞானஸ்நானம் குடுத்தது உங்க மிஷனெரி ஐயா. அதான் இந்தக் கோயில் வந்தேன். அம்மா குங்குமம் வச்சிருந்தாங்க. அவரு அழி சொல்லல."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மூப்பர் அசரவேயில்லை.

"ஓஹோ, அங்க போய்க்கினு இப்படித்தான் ஊழியம் பண்றாரா? அவருக்கு அனுப்பறத மொதல்ல நிறுத்தணும் பாஸ்டர்."

அவளுக்கு அந்த அளவு தமிழ் புரியும். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். முந்தானையால் வகிட்டை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் நெற்றியெல்லாம் இழுபட்டது. மறுபடியும் துடைத்தாள்.

"ஐயாக்கு ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள்.

அந்த மிஷனெரியைக் காப்பாற்ற அவள் கொடுத்ததைப் போல எங்கள் சபையில் எவரும் இதுவரை காணிக்கை கொடுத்ததில்லை. அது காணிக்கை என்றே அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஞானஸ்நானம் நடந்தது. விக்கிரக இருளிலிருந்து ஒரு குடும்பம் இன்று வெளியே வந்தது என்று மூப்பர் மைக்கில் சாட்சி சொன்னார். தாய் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்களான குடும்பத்தைப் பற்றி! சபை எழுந்து நின்று அல்லேலூயா சொல்லி, கைதட்டிப் பாடியது. பாட வாய் வராமல் நான் கடைசியில் கதவோரம் நின்றேன்.

அப்போதுதான் அவள் புருஷன் கரி படிந்த சட்டையோடு உள்ளே வந்தான். முன்னால் நின்ற மனைவியின் வெறும் வகிட்டைப் பார்த்தான். கைதட்டுகிற எங்களைப் பார்த்தான். என் பக்கம் குனிந்து கேட்டான்.

"அக்கா, நான் உயிரோட இருக்கேனே?"